நல்லேரிப்பாக்கம் கிராம சபையில் ஒரு நாள்

மே முதல் தேதி எனக்குக் கடை விடுமுறை. அன்றைக்குத்தான் நல்லேரிப்பாக்கத்தில் கிராம சபைக் கூட்டம். இரண்டும் ஒரே நாளில் வந்ததால் இந்தப் பயணம் நடந்தது.

வழக்கமாக நான் இங்கே எழுதுவது வேறு மாதிரி ஊர்களைப் பற்றி. தி.நகரில் ஒரு புடவைக் கடையில் பில் போடுகிறேன். கிடைக்கிற விடுமுறையில் ஆயிரம் ரூபாய்க்குள் போய்வரக்கூடிய மலை, அருவி, கடற்கரை என்று தேடிப் போய்விட்டு, பேருந்து நேரத்தோடு எழுதி வைப்பேன். நீங்களும் படித்துவிட்டுப் போய் வந்து படம் அனுப்புவீர்கள். இந்த முறை சுற்றிப் பார்க்கப் போகவில்லை. எங்களைக் கொண்டுபோய்க் குடிவைக்கப் போகிற இடத்தைப் பார்க்கப் போனேன். என்னைப் போல ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

நந்தனத்துக்குப் பின்பக்கம், அடையாற்றை ஒட்டி எங்கள் வீடு. நானும் என் மகளும் மட்டும். அவள் சாந்தோமில் பிளஸ் டூ படிக்கிறாள். பிப்ரவரியில் கணக்கெடுக்க வந்தவர்கள் கதவில் சிவப்புப் பெயிண்டால் எண் போட்டுவிட்டுப் போனார்கள். ஏப்ரலில் குடியிருப்பு வாரியத்திலிருந்து ஒருவர் வந்தார். ஆற்றங்கரையைக் காலி செய்ய வேண்டும், நல்லேரிப்பாக்கத்தில் அடுக்குமாடி தயார், கைரேகை வைத்தால் வீடு ஒதுக்கிய ஆணை கிடைக்கும் என்றார். எங்கள் தெருவில் ஒருவருக்கும் அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியவில்லை.

எதிர் வரிசையில் இருக்கும் ஷாகிரா அக்காவின் மகன்தான் அந்த ஊர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சுற்றிய படத்தைக் காட்டினான். ஒரு சுவரொட்டி. 'வெளியாட்களைக் கொண்டு வந்து குடியமர்த்தாதே. மே 1 கிராம சபையில் தீர்மானம். திரண்டு வாரீர்.'

ஷாகிரா அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தி.நகர், மயிலாப்பூர் கடைகளிலிருந்து புடவை வாங்கி வந்து ஃபால்ஸ் தைத்து, ஓரம் அடித்துக் கொடுப்பார். எங்கள் கடைப் புடவையும் அவரிடம்தான் போகும். படத்தைப் பார்த்துவிட்டுக் கைபேசியை மகனிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ஒருவாட்டி போய் மூஞ்சியக் காட்டிட்டு வருவோம் தேவி. யாரு வராங்கன்னு தெரியாமதான் பயப்படுறாங்க. நம்மளப் பாத்தா பயம் போயிடும்" என்றார். எனக்கும் அது சரி என்று பட்டது.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். சைதாப்பேட்டை ரயில் நிலையம் வரை இரண்டு கிலோமீட்டர் நடை. 6:42 வண்டி, தாம்பரத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபாய். 7:14க்குத் தாம்பரம். அங்கிருந்து 7:45க்கு ஒரு சாதாரணப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதை விட்டால் அடுத்தது 9:30க்குத்தான் என்று நடத்துநர் சொன்னார். இருபத்து நான்கு கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். பாதி வழிக்கு மேல் இரண்டு பக்கமும் மனைப்பிரிவுகள். கொடி நட்டு, கல் நட்டு, வீடு மட்டும் இல்லாத நகர்கள். பேருந்து நல்லேரிப்பாக்கம் ஊருக்குள் போகாது. கைகாட்டி என்று சொல்கிற மெயின் ரோட்டு முனையில் இறக்கிவிடும். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய்.

ஆட்டோக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் இரண்டு பேர்தான் சவாரி.

"எங்கம்மா, மீட்டிங்குக்கா? யார் வூட்டு ஆளுங்க நீங்க?"

"இங்க சொந்தக்காரங்க இருக்காங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

"அப்ப கண்டிப்பா போங்க. சிட்டில ஆத்தாங்கரையில கீறதயெல்லாம் வாரிக்கினு வந்து இங்க கொட்டப் போறாங்க. இன்னிக்கி ஒரு முடிவு கட்டணும்."

ஷாகிரா அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் பதினோரு மணிக்கு. முதலில் அடுக்குமாடியைப் பார்த்துவிடலாம் என்று அதன் வாசலிலேயே இறங்கிக்கொண்டோம். ஆட்டோக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஊர் முடிகிற இடத்தில் பன்னிரண்டு கட்டடங்கள். ஒவ்வொன்றும் தரைத்தளமும் ஐந்து மாடியும். சுற்றிலும் புல், கருவேலம், தூரத்தில் ஏரிக்கரை. காவலாளியிடம் எங்கள் கதவு எண்ணைச் சொன்னதும் தரைத்தளத்தில் ஒரு வீட்டைத் திறந்து காட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும். வீடு நன்றாக இருந்தது. டைல்ஸ் போட்ட தரை. ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. ஆற்றங்கரையில் நாற்பது வீட்டுக்கு நான்கு கழிப்பறை எங்களுக்கு. ஷாகிரா அக்கா பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து ஜன்னலடியை அளந்தார்.

"இங்க மிஷின் போட்டா விளக்கே வாணாம் தேவி. சாயங்காலம் வரைக்கும் வெளிச்சம் கீது."

நான் சமையலறைக் குழாயைத் திறந்தேன். காற்று மட்டும் உஸ்ஸென்று வந்தது. "ஊராட்சில இருந்து கனெக்‌ஷன் குடுக்கணும். இன்னும் குடுக்கல" என்றார் காவலாளி. பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டேன். ஊரில் எட்டாவது வரை. பிளஸ் டூ வேண்டுமானால் ஒன்பது கிலோமீட்டர். ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர்.

ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டு, கீழே தார்ப்பாய் விரித்திருந்தார்கள். நூற்றைம்பது பேர் இருக்கும். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் வருகைப் பதிவேடு கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தது. பெயர், கையெழுத்து. நிமிர்ந்தால் ஆண்கள் பக்கம் அந்த ஆட்டோக்காரர் உட்கார்ந்திருக்கிறார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடாமல் கொடுத்தால் யார் என்று கேட்பார்கள். போட்டேன். ஷாகிரா அக்காவும் உருதுவில் போட்டுக் கொடுத்தார்.

தெருவிளக்கு, குளம் தூர்வாரியது, நூறு நாள் வேலை என்று வாசித்து முடிக்கவே பன்னிரண்டே கால். அப்புறம்தான் அடுக்குமாடி விஷயம் வந்தது. ஊராட்சித் தலைவி நாற்பது வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசினார். "நம்மகிட்ட ஒரு வார்த்த கேக்காம கட்டிட்டாங்க. இருக்கறது மூணு போர். நமக்கே கோடையில ஒரு வேளைதான் தண்ணி. ஆயிரத்துக்கு மேல குடும்பம் வந்தா நாம எங்க போறது?" அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அடுத்துப் பேசிய ஆண்கள் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. திருட்டு, கஞ்சா, பொம்பளைப் பிள்ளைகள் வெளியே நடமாட முடியாது என்று போயிற்று.

ஷாகிரா அக்கா எழுந்துவிட்டார்.

"நான் ஒண்ணு பேசலாங்களா?"

"பேர் சொல்லுங்கம்மா, எந்த வார்டு?" என்றார் ஊராட்சிச் செயலர்.

"வார்டு இல்லீங்க. நீங்க சொல்றீங்களே, அந்த வூட்டுக்கு வரப் போறது நாங்கதான். வரணும்னு நாங்க கேக்கல. இருக்கற வூட்ட இடிக்கப் போறாங்க. நான் துணி தைக்கறவ. எனக்கு மூணு பசங்க, எல்லாம் வேலைக்குப் போய்க்கினு கீதுங்க. வந்தா எங்களுக்குத் தண்ணி தருவீங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அவ்ளோதான்."

செயலர், "கூட யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்து தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. எழுந்திருக்கவில்லை.

"தனியாத்தான் வந்தேன்" என்றார் ஷாகிரா அக்கா.

ஆட்டோக்காரருக்குத் தெரியும். அவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

தலைவி சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கிராம சபையில இந்த ஊர் ஓட்டர்தான் பேசலாம்." செயலர் பதிவேட்டைத் திருப்பி, ஷாகிரா அக்காவின் கையெழுத்தின் மேல் ஸ்கேல் வைத்து சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். யாரோ அக்காவுக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு முன் வரிசையிலிருந்து கன்னியம்மா என்ற பெண் எழுந்தார். காலனியைச் சேர்ந்தவர், கூலி வேலை செய்கிறவர் என்று பக்கத்திலிருந்தவர்கள் பேச்சில் தெரிந்தது. ஷாகிரா அக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"அந்த எடத்துல ஆளுக்கு மூணு சென்ட் குடுங்கன்னு பாஞ்சு வருசமா மனு குடுத்தோம். மேய்க்கா நெலம், மாடு மேயறதுக்கு விட்டது, வூடு கட்டக் குடுக்க முடியாதுன்னு திருப்பித் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னும் ஒரே வூட்டுல மூணு குடும்பம் கீறோம். இப்ப அதே எடத்துல அஞ்சு மாடி ஏறிடுச்சு. உன் மேல எனக்குக் கோவம் இல்ல தாயீ. ஆனா நான் கை தூக்கித்தான் ஆவணும்."

சொல்லிவிட்டு, ஓட்டு கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு கையாக எழுந்தது. என் கை எழவில்லை. கடைசி வரிசையை யாரும் எண்ணவுமில்லை. 'ஒருமனதாக' என்று எழுதி வாசித்தார்கள். கூட்டத்தைக் கவனிக்க வந்திருந்த அரசு அலுவலர், தீர்மானத்தை மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். பதிவேட்டில் என் கையெழுத்து மட்டும் கோடு விழாமல் அப்படியே இருந்தது.

ஒன்றே முக்கால் மணிக்குக் கைகாட்டிக்கு வந்துவிட்டோம். நடந்தேதான் வந்தோம். இரண்டு மணிப் பேருந்து வரவில்லை. நிழற்குடையும் இல்லை, ஒரு புளியமரம். ஷாகிரா அக்கா சப்பாத்தியும் முட்டையும் கட்டி வந்திருந்தார். பிரித்து என் மடியில் பாதியை வைத்தார். நான் அதைத் தொடாமல் கேட்டேன்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"இன்னா சொன்னேன்?"

"தனியா வந்தேன்னு."

"என் மூஞ்சிய இனி மறக்க மாட்டாங்க. உன் பொண்ணு நாளைக்கி அந்த வழியா ஒண்டியா நடக்கணும்ல. உன்னியாச்சும் தெரியாம இருக்கட்டும்." என் மடியிலிருந்ததைக் காட்டி, "சாப்புடு, வெயில்ல கெட்டுடும்" என்றார்.

பேருந்து 3:10க்கு வந்தது. வீடு வந்து சேர மணி ஆறு.

தீர்மானம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஜூன் இரண்டாம் வாரம் லாரிகள் வந்துவிட்டன. ஷாகிரா அக்காவின் வரிசை முதலில். மாலைக்குள் சுவர்கள் விழுந்துவிட்டன. தீர்மானத்தால் நடந்தது ஒன்றுதான்: ஊராட்சி தண்ணீர் இணைப்பு தர மறுத்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரித் தண்ணீர், அக்காவுக்கு நான்காவது மாடி. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நான் கடையிலிருந்து புடவைகளைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அடுத்த ஞாயிறு வாங்கி வந்தேன். வாடிக்கையாளர் ஒரு வாரம் காத்திருக்க மாட்டார்கள் என்று முதலாளி நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அக்கா இப்போது ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிடங்கில் கூட்டிப் பெருக்கப் போகிறார். போனில் அதிகம் பேசுவதில்லை. "நல்லாத்தான் கீறோம்" என்பார், வைத்துவிடுவார்.

இனி, போக வேண்டியவர்களுக்குச் சில விஷயங்கள். தாம்பரத்தில் 7:45ஐத் தவற விடாதீர்கள். திரும்ப வர 3:10ஐ மட்டும் நம்புங்கள். குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும். கைகாட்டியில் கடை கிடையாது. வீட்டைத் திறந்து காட்டினால் தரையைப் பார்க்காமல் குழாயைத் திறந்து பாருங்கள். கைரேகை வைப்பதற்கு முன்னால் மாடி எண்ணைக் கேளுங்கள். முட்டி வலிக்காரர்கள் மருத்துவச் சீட்டு காட்டினால் தரைத்தளம் தருவார்கள் என்கிறார்கள். முட்டி வலி இருந்தும் அக்காவுக்கு அது தெரியாமல் போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஒன்று சொல்கிறேன். சென்னைப் பள்ளிக்கே தொடர்ந்து போக வேண்டுமானால், கைகாட்டியிலிருந்து தாம்பரத்துக்குக் காலை முதல் பேருந்து 5:25. அதைப் பிடிக்க வீட்டிலிருந்து 4:30க்கு இறங்கி நடக்க வேண்டும், அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ கிடையாது. கிராம சபைக்குப் போகிறவர்களாக இருந்தால், நான் செய்ததைச் செய்யாதீர்கள். கூட வந்தவர் எழுந்தால் நீங்களும் எழுந்து நில்லுங்கள். எதுவும் மாறாது. இருந்தாலும் நில்லுங்கள்.

நேற்று எங்கள் வரிசைக்குக் கைரேகை எடுத்தார்கள். மகளுக்குப் பள்ளி முடியும் வரைக்குமாவது விடுங்கள் என்று கேட்க நினைத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் இரவே மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். என் முறை வந்ததும் அந்தப் பெண் அலுவலர் என் கட்டைவிரலைப் பிடித்துக் கருவியில் வைத்து அழுத்திக்கொண்டே, "சம்மதம்தானேம்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் திரையில் பச்சை வந்துவிட்டது. அடுத்தவரைக் கூப்பிட்டார்.