விளையாட்டக்காவின் இரண்டாவது ஆட்டம்

அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், பகலிலும் திரை இழுத்துவிட்ட ஓர் அறை இருந்தது. பெரிய டிவி, ஒரு மேஜை, இடதுபக்கம் மட்டும் அமுங்கிப்போன சோபா. அமுங்கிய பக்கம் விளையாட்டக்காவுடையது. பதினோரு வருடமாக அவள் உட்கார்ந்த இடம்.

கடைக்குப் போகும் எந்த வீடியோ கேமும் முதலில் இந்த அறைக்கு வந்தாக வேண்டும். அக்கா ஆடுவாள். எத்தனையாவது நிமிடத்தில் ரத்தம், எத்தனையாவது நிமிடத்தில் கெட்ட வார்த்தை என்று மேஜையிலிருந்து குறிப்புக்காரர் எழுதுவார். ரத்தத்துக்கு மூன்று அளவு உண்டு: லேசு, நடுத்தரம், கனம். அதையெல்லாம் சேர்த்து அக்கா அறிக்கை எழுத, மேலே இருக்கும் குழு வயது முத்திரை குத்தும். ஏழு, பன்னிரண்டு, பதினெட்டு. எப்போதாவது ஒன்றுக்குத் தடை.

அவள் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவளில்லை. டைப்பிஸ்டாக இருந்தாள். முன்னால் ஆடிக்கொண்டிருந்தவருக்கு மணிக்கட்டு வீங்கி வேலையை விட்டுவிட, "ஒரு வாரம் மட்டும் பாத்துக்கோங்க" என்று உட்கார வைத்தார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் உட்கார்ந்தபிறகு ஏனோதானோவென்று ஆடியதில்லை. கடைசிக் கட்டம் வரை போகாத ஒரு கேமுக்கு அவள் அறிக்கை எழுதியதே கிடையாது. கார் ஓட்டும் கேமில் சிவப்பு விளக்கு விழுந்தால் நின்றுவிடுவாள். பின்னால் வரும் பொம்மைக் கார்கள் ஹாரன் அடித்து மானத்தை வாங்கும்.

"அக்கா, அது கேம். போலீஸ் வராது," என்பார் குறிப்புக்காரர்.

"வராட்டி என்ன? விளக்கு சிவப்பாத்தானே இருக்கு."

இந்த நல்ல குணம்தான் அவளைக் கவிழ்த்தது.

'வார்டு ஏழு' என்று ஒரு கேம் வந்தது. ஆடுபவர் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ். கட்டிலில் மணி அடித்தால் ஓட வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். அக்கா மூன்று நாள் ஆடினாள். மணி அடிக்கும், இவள் ஓடுவாள். ஒரு நோயாளியைக்கூடச் சாகவிடவில்லை. 'ரத்தம் லேசு, கெட்ட வார்த்தை இல்லை' என்று எழுதினாள். பன்னிரண்டு என்று முத்திரை விழுந்தது.

இரண்டு மாதம் கழித்து, நாற்பது விநாடி வீடியோ ஒன்று எல்லாருடைய போனுக்கும் வந்தது. அதே கேம், அதே நர்ஸ். ஆனால் இந்த நர்ஸ் நோயாளிக்கு மாட்டியிருக்கும் மூச்சுக்குழாயைப் பிடுங்குகிறாள், ஒரு ஜோக் அடிக்கிறாள், மேலே மதிப்பெண் ஏறுகிறது. அடுத்த கட்டில், அடுத்த ஜோக். தொடர்ந்து மூன்று மணியை அலட்சியம் செய்தால் இந்தப் பாதை திறக்குமாம். ஊரிலுள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்திருந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை.

நாற்பதாயிரம் பேர் தடை கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அலுவலக வாசலில் நர்ஸுகள் சீருடையோடு அட்டை பிடித்து நின்றார்கள். முதல் வரிசையில் அக்காவின் தங்கை நின்றாள். பதினாறு வருடமாக நர்ஸ்.

"மூணு மணி அடிச்சும் நகராத நர்ஸ நீ எங்கக்கா பாத்திருக்க?" என்று வாசலிலேயே மறித்தாள். "எங்க வார்டுல ஒரு பொடியன் என் மூஞ்சிக்கு நேரா அந்த ஜோக்கச் சொல்லிச் சிரிக்கிறான். அவனுக்கு டிரிப் போட்டுட்டு வந்திருக்கேன். இன்னிக்கு ஒழுங்கா தடைன்னு எழுது."

"இன்னும் முழுசா ஆடலடி."

"அப்ப ரெண்டு மாசம் முன்னாடி என்ன ஆடுன?"

அக்கா அட்டைகளுக்கு நடுவே புகுந்து மாடியேறினாள்.

அன்று அலுவலகத் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைத் தானே எழுந்து சாத்தினார்.

"மறு அறிக்கை எழுதுங்கம்மா. தடை செய்யலாம்னு ஒரு வரி போதும். தடை வந்துட்டா பழைய அறிக்கைய எவனும் தூசு தட்டமாட்டான். பிரிவுத் தலைவர் பதவிக்கு உங்க பேரு போயிருக்கு, ஞாபகம் இருக்கில்ல?"

"ஆடிப் பாத்துட்டு எழுதறேன் சார்."

"ஆடுங்க. ஆனா வரி அதுதான்."

இந்த முறை மோசமாக ஆட வேண்டும். அதுதான் அவளுக்கு வரவில்லை. மணி அடித்ததும் விரல் தானாகப் பொத்தானை அமுக்கியது, நோயாளி பிழைத்தார், பாதை மூடிக்கொண்டது. நான்கு தடவை இப்படி.

"விடுங்கக்கா, சாகட்டும்," என்றார் குறிப்புக்காரர்.

"நீங்க சும்மா இருங்க. கை கேட்கமாட்டேங்குது."

கடைசியில் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது மணி நெடுநேரம் அடித்தது. அது ஓய்ந்தபோது அறை, தண்ணீர் வடிந்த தொட்டி போல இருந்தது. பிறகு திரையில் நர்ஸ் திரும்பிச் சிரித்தாள்.

ஆறு நாள் அந்தப் பாதையில் ஆடினாள். இருபத்தெட்டு கட்டில், இருபத்தெட்டு ஜோக். பெரும்பாலானவை அசிங்கம். இரண்டு முறை எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். பத்தொன்பதாவது கட்டில் ஜோக்குக்கு மட்டும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். குறிப்புக்காரர் பேனாவை நிறுத்தினார்.

"இதையும் எழுதவா?"

"எழுதுங்க. நிமிஷத்தோட எழுதுங்க."

கேம் செய்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். விளக்கம் கேட்டதற்கு, கலைக்கு வேலி கிடையாது, புரியாதவர்களுக்காக நாங்கள் செய்வதில்லை என்று திமிராக ஒரு கடிதம் போட்டிருந்தார்கள். அக்காவுக்கு அவர்களை அறவே பிடிக்கவில்லை. விதிப்புத்தகத்தை எடுத்துத் தடைக்கான பக்கத்தை மூன்று முறை படித்தாள். ஒரு கேமைத் தடை செய்ய, அது நிஜ மனிதர் ஒருவரைத் தாக்கத் தூண்ட வேண்டும். அல்லது குழந்தைகளைத் தகாத விதத்தில் காட்ட வேண்டும். நமக்குப் பிடிக்கவில்லை என்று அதில் எங்கும் இல்லை. அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

விசாரணை நாளில் நீள மேஜைக்கு அந்தப்பக்கம் குழுவினர் ஐந்து பேர், அவர்களில் நடுவில் அலுவலகத் தலைவர். இந்தப்பக்கம் நர்ஸுகள் சார்பாகத் தங்கையும் இன்னொருத்தியும். ஓரத்தில் கணவனும் மனைவியும். கடிதத்தில் இருந்த திமிரில் பாதியைக்கூட முகத்தில் காணோம்.

அக்கா எழுந்தாள். காகிதத்தை மேஜையில் வைத்து, ஒரு கையால் அழுத்திக்கொண்டு படித்தாள். கட்டில் வாரியாக, நிமிடம் வாரியாக. தாளில் உள்ள ஜோக்குகளை அவள் குரலை ஏற்றாமல் படிக்கப் படிக்க, குழுவில் ஒருவர் தண்ணீர்க் குவளையைப் பார்த்தபடியே இருந்தார். பத்தொன்பதாவதில், "இந்த இடத்தில் பரிசோதகர் சிரித்தார்" என்று படித்தாள். தங்கை தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"கேவலமான கேம்தான்," என்று தாளிலிருந்து நிமிர்ந்தாள் அக்கா. "பதினெட்டு போடணும். உள்ள என்ன இருக்குன்னு உறை மேல பெரிய எழுத்துல போடணும். ஆனா தடை பண்ண இதுல ஒண்ணும் இல்ல. ஒரு நிஜ ஆளப் போய் அடிங்கன்னு எங்கயும் சொல்லல. நர்ஸுங்களுக்கு வலிக்குது, நியாயம். என் கூடப்பிறந்தவளுக்கே வலிக்குது. அதச் சொல்ல அவங்களுக்கு வாசல் இருக்கு, பத்திரிகை இருக்கு. சொல்லட்டும், நானும் கேக்கறேன்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, உக்காருங்கம்மா."

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்." அவள் உட்காரவில்லை. "பன்னிரண்டுன்னு முத்திரை விழுந்தது என்னால. நான் நல்லாவே ஆடிட்டேன். மோசமா ஆடிப் பாக்கல. சின்னப் பிள்ளைங்க கைக்கு இது போனது என் தப்பு. கேமத் தடை பண்ணினா என் தப்பு அதுக்கடியில போயிடும். அப்படிப் போகவேண்டாம்."

தலைவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். பிரிவுத் தலைவர் பதவி அந்த இடத்திலேயே அறையைவிட்டு வெளியே போனது. அது போவதைப் பார்த்தவர், சுவரோரம் நோட்டோடு உட்கார்ந்திருந்த குறிப்புக்காரர் ஒருவர்தான்.

மூன்றுக்கு இரண்டு என்று முடிவு வந்தது. பதினெட்டு, தடை இல்லை.

படியிறங்கும்போது அந்தக் கணவன் நன்றி சொல்ல ஓடிவந்தான். "எனக்கு நன்றியெல்லாம் வேண்டாம்," என்றாள். "உங்க கேம் எனக்குப் பிடிக்கல. எழுதியிருக்கேன், வாங்கிப் படிங்க."

வாசலில் தங்கை நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"வெக்கமா இல்லியாக்கா உனக்கு? அத்தன பேர் முன்னாடி நான் சிரிச்சேன்னு வேற படிக்கிற!"

"இருக்கு. சிரிச்சது நிஜம்தானே, எப்படி விட்டுட்டுப் படிக்கிறது?"

"எங்க பக்கம் ஒரு வார்த்த பேசியிருக்கலாம்."

"நீங்கதான் பேசணும். நல்லாத் திட்டி எழுதுங்க. ஆடிப் பாத்துட்டு எழுதுங்க."

"நான் அந்தக் கர்மத்தத் தொடமாட்டேன்," என்றாள் தங்கை. இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு பத்திரிகையில் அரைப்பக்கத்துக்கு அவள் எழுதியது வந்திருந்தது. கேமில் மூச்சுக்குழாய் மாட்டும் விதமே தப்பு என்பதில் தொடங்கி, கணவன் மனைவி இருவரையும் தோலுரித்திருந்தாள். ஆடாமல் அதையெல்லாம் எழுதியிருக்க முடியாது. அக்கா அதைத் தனக்கென்று வெட்டி எடுத்துக்கொண்டாள். போன் மட்டும் இன்னும் வரவில்லை.

அதே வாரம் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 'தங்கள் கவனக்குறைவால் நேர்ந்த தவறு' என்று இருந்ததைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் குமாஸ்தாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"கவனக்குறைவு இல்லைங்க. ரொம்பக் கவனமாத்தான் ஆடினேன். எல்லாரையும் காப்பாத்திட்டேன், அதான் தப்பு. அப்படியே எழுதுங்க."

"நோயாளிகளைக் காப்பாத்தினதுக்கு எச்சரிக்கைன்னா எழுதச் சொல்றீங்க?" குமாஸ்தாவுக்குத் தலை சுற்றியது. "ஃபைல் பாக்கறவன் என்னைப் பைத்தியம்னு நெனப்பான்க்கா."

"நெனக்கட்டும். நடந்தது அதுதானே."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டுத் திருத்தி எழுதினார். அக்கா ஒரு வரி விடாமல் படித்து, கீழே கையெழுத்திட்டு, மாடியேறிப் போனாள். மேஜையில் புதிதாக ஒரு கேம் வந்து காத்திருந்தது. குறிப்புக்காரர் நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்.

"எதுலேருந்துக்கா ஆரம்பிக்கலாம்? நல்லதா, கெட்டதா?"

"கெட்டதுலேருந்தே ஆரம்பிப்போம்," என்று அவள் தன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.