காலையில் மட்டும் படுத்துக்கொள்ளும் ஜெட்

“நீ வந்தா மட்டும் ஓடுதுய்யா. நீ அந்தப் பக்கம் போனா படுத்துக்குது. என்ன மாயம் இது?” என்று போனில் சத்தம் போட்டார் மேனேஜர். அதற்குள் பம்ப் மெக்கானிக்கான நான் இரண்டு தடவை போய் வந்தாயிற்று.

2015 வாக்கில் நடந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி, வடலூர் ரோட்டில் ஒரு தனியார் பிசியோதெரபி சென்டர். மைன்ஸில் வண்டி ஓட்டி முதுகு போனவர்கள், முட்டி தேய்ந்து ரிட்டயரானவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு ஹாட் டப் போட்டிருந்தார்கள். வெந்நீர்த் தொட்டி, சுற்றிலும் ஜெட். பம்ப் தள்ளுகிற தண்ணீர் ஜெட்டின் குறுகிய வாயில் பாயும்போது, ஏர் லைனிலிருந்து வெளிக்காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து அடித்தால்தான் முதுகுக்குச் சுகம்.

காலையில் ஜெட் அடிப்பதில்லை, மதியம் அடிக்கிறது. இதுதான் கம்ப்ளெயின்ட். எனக்குக் காலையில் வேறு காண்ட்ராக்ட் வேலை, போவதே மதியம்தான். முதல் நடையில் ஜெட்டுகளைக் கழற்றி உப்பைச் சுரண்டினேன். அடுத்த நடையில் ஏர் வால்வைப் பிரித்தேன். ஒரு கோளாறும் இல்லை. பழியை வோல்டேஜ் மேல் போட்டுவிட்டு வந்தேன். பிடிபடாத கோளாறுக்கெல்லாம் எங்கள் தொழிலில் வோல்டேஜ்தான் பொறுப்பு.

மேனேஜர் பழிக்கு வேறு ஆளைப் பிடித்திருந்தார். காலை ஷிப்ட் அட்டெண்டர் அஞ்சலை, வளையமாதேவிப் பக்கம், காண்ட்ராக்டில் இருந்தாள். “பேஷண்ட்டுக்கு எண்ணெயத் தடவி அப்படியே எறக்குது. ஜெட் அடைக்காம என்ன செய்யும்? இந்த மாசத்தோட வேற ஆள் பார்க்கறேன்” என்றார் அதே போனில்.

எனக்குச் சுருக்கென்றது. நான் கழற்றிய ஜெட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கே கிடையாது. மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே போய் நின்றேன்.

பம்ப் ஓடியது. ஏர் வால்வை முழுக்கத் திறந்தும் ஒரு குமிழி இல்லை. ஏர் லைனைப் பிடித்துக்கொண்டே பின்சுவருக்குப் போனேன். வெளியே நீட்டியிருந்த குழாய் வாயில் ஒரு துணி, சணலால் இறுக்கிக் கட்டி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“யாரும்மா கட்டினது?” என்று அஞ்சலையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நான்தாண்ணா. இது வழியா கரண்டு பிளாண்ட்டு சாம்பத்தூளு தொட்டிக்குள்ள வருதுங்க. தெனம் காலையில அலசி ஈரத்தோட கட்டிக்கினு இருக்கேன். ஈரம் இருந்தாத்தான் தூசி ஒட்டும். வூட்ல ஜன்னலுக்கும் அப்படித்தான்.”

ஈரத்துணி காற்றை விடாது. வெயிலேறிக் காய்ந்ததும் விடும். மாயம் அவ்வளவுதான்.

ஈரத்துணிதான் கோளாறு, கட்டியது அஞ்சலை என்று மேனேஜரிடம் உற்சாகமாகச் சொன்னேன். “பார்த்தியா, அவதான் காரணம்னு நான் சொல்லல? இன்னிக்கே அனுப்பிடறேன்” என்றார்.

“மைன்ஸுக்கு நெலமும் போச்சு. இதுவும் போனா நான் எங்க சார் போவேன்?” என்றாள் கூடவே வந்திருந்த அஞ்சலை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது, பாதி என் மேலேயே. போய்த் துணியை அவிழ்த்துவிட்டு வந்தேன். ஜெட் சீறியது. “கொஞ்ச நேரம் நின்னு பாருங்க சார்” என்றேன். அன்று அனல்மின் நிலையத்திலிருந்து காற்று எங்கள் பக்கம். சற்றைக்கெல்லாம் தண்ணீரின் மேல் சாம்பல் பொடி மிதந்தது. முறைக்குக் காத்திருந்த மைன்ஸ் டம்பர் லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, “இதுலயா சார் என்னை எறக்கப் போறீங்க?” என்றார்.

குழாய் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, பைக் ஏர் பில்டர் ஸ்பாஞ்ச் வைத்து ஒரு டப்பா மாட்டினேன்.

“இத யாரு கழுவறது?” என்றார் மேனேஜர்.

“நான்தான் சார். காயவெச்சுதான் மாட்டுவேன்” என்று அஞ்சலை முந்திக்கொண்டாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னிடம், “ஸ்பாஞ்ச் ரெண்டா குடுத்துடு. ஒண்ணு காயட்டும்” என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பம்பைப் பிரிப்பதற்கு முன், அந்த இடத்தைத் தினமும் துடைக்கிறவரிடம் பேசுங்கள். அவர் செய்ததை மேலே சொல்லும்போது, ஏன் செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் அன்று பாதியைத்தான் சொன்னேன். அந்தப் பாதியில் ஒருத்தியின் வேலை போக இருந்தது.