முதல் கூப்பிடலுக்கு எழாதவன்

மருந்து கொடுக்கும் ஜன்னலிலிருந்து "றம்ஸான்!" என்று கூப்பிடுகிறார்கள். என் தம்பி எழுவதில்லை. வாங்குப் பலகையில் இருந்தபடியே செருப்பின் நுனியைப் பார்க்கிறான். பிறகு இடது பக்கம், வலது பக்கம், முதுகுக்குப் பின்னால். வேறு யாராவது எழுந்தால் காலை மடக்கி வழி விடுகிறான். "றம்ஸான், அபூதாஹிர்ட மகன்!" என்று எங்கள் வாப்பாவின் பெயரும் சேர்ந்து வந்தால்தான் முழங்காலில் கை ஊன்றி எழுகிறான். ஜன்னலடிக்குப் போன பிறகும் ஒரு கேள்வி இருக்கிறது. "நான்தானெண்டு நல்லாத் தெரியுமா, மிஸ்?"

கிண்ணியாவில் அவனுக்கு ஒரு சலூன். பலகையில் 'சலூன்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. யாருடையது என்று இல்லை. புது பிளேட்டை உறையிலிருந்து எடுத்தால் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பான். தேத்தண்ணி வந்தால், கொண்டுவந்தவர் போகும்வரை தொடமாட்டான். போனில் ஆட்களின் எண்களை அவர்களுடைய வாப்பாமாரின் பெயரில் பதிந்து வைத்திருக்கிறான். முப்பது வருடத் தொழிலில் ஒருவருடைய காதிலும் கீறல் விழுந்ததில்லை. கூடப் பிறந்த அக்கா, மூத்த ராத்தா என்பதற்காகச் சொல்லவில்லை, விசாரித்துவிட்டே எழுதுகிறேன்.

பச்சைக் குழந்தைகளின் தலைக்கு அவன் கை பேர்போனது. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைக்க முள்ளிப்பொத்தானையிலிருந்தும் வந்து கூட்டிப்போகிறார்கள். ஆனால் விசாரணை முடியாமல் பிளேட் தலையில் படாது.

"பேர் எங்க எடுத்த?"

"நெட்டில, காக்கா."

"நெட்டுக்கு ஆரு குடுத்த?"

என்ன அர்த்தம், அரபியில் எந்தச் சொல்லிலிருந்து வந்தது, ஊரில் இன்னும் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று வரிசையாகக் கேட்பான். கடைசிக் கேள்விக்குப் பதில் அவனிடமே உண்டு. சலூன் கலண்டருக்குப் பின்னால், சுவரில், ஆண் பிள்ளைகளின் பெயர்களைப் பென்சிலால் எழுதியிருக்கிறான். ஒரு தலை மழித்தால் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு.

பிறவியில் அவன் இப்படியில்லை. தொண்ணூற்று மூன்றில் இங்கே பாலம் கிடையாது. திருகோணமலைக்குப் போகிறவர்கள் 'பாதை' என்ற தட்டைப் படகில் ஏறித்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும். ஒரு நாள் காலை இறங்குதுறையில் ஆமிக்காரர்கள் எல்லோரையும் நிலத்தில் இருத்திவிட்டு "றம்ஸான்!" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் அங்கே மூன்று பேர். அதில் புதுமை இல்லை. நோன்பு மாதத்தில் ஆண் பிள்ளை பிறந்தால் மாதத்தின் பெயரையே வைத்துவிடுவார்கள். இவன் மூன்றாம் நோன்பில் பிறந்தவன். பள்ளிக்கூட வரவு இடாப்பில் நாலாவது றம்ஸான் என்பதால் 'றம்ஸான் நாலு'. அன்றைக்கு மூவரில் இவன் ஒருவன்தான் எழுந்தான்; இவனைக் கொண்டுபோனார்கள். தேடப்பட்டவன் வேறெங்கோ உள்ள ஒரு றம்ஸான் என்று தெரியப் பதினொரு நாள் ஆயிற்று. பதினொரு நாளும் நான் சோற்றுப் பார்சலோடு முகாம் வாசலில் நின்றேன். ஒன்பது பார்சல் திரும்பி வந்தது.

எழாமல் இருந்த இருவரில் ஒருவர் இப்போதும் இவனிடம்தான் தாடி ஒதுக்க வருகிறார். அவரிடம் மட்டும் இவன் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை.

இந்த வருடம் இவனுடைய மகள் மின்ஹாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மருமகன் இஹ்ஸானுக்குத் துறைமுகத்தில், கப்பல்களை இழுத்துவரும் படகில் வேலை. இருவரும் பிள்ளைக்கு ஸுஹைல் என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் கலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். ஸுஹைலுக்கு நேரே ஏற்கெனவே பதினான்கு கோடு.

"வேற பேர் பாருங்க," என்றான் தம்பி. "என்ட பேரன் இன்னொருத்தன்ட பேரால ஒரு இடத்திலயும் நிக்கக் கூடாது."

இஹ்ஸான் போனை நீட்டினான். "அரபுப் பேர், மாமா. தெற்கால நிக்கிற ஒரு நட்சத்திரம். அது தெரியத் தொடங்கினா வெக்கை குறையுமெண்டு அரபு நாட்டில காத்திட்டிருப்பாங்களாம். கடலோடினவங்க அத வெச்சித்தான் திசை புடிச்ச. மென்மை, லேசு எண்டும் கருத்து இரிக்கி. நூத்துக்கு அறுபத்தெட்டுப் பேருக்கு இந்தப் பேர் விருப்பமெண்டு போட்டிரிக்கி, பாருங்க."

"விருப்பமில்லாத முப்பத்திரெண்டு பேர் ஆரெண்டு போட்டிரிக்கா?"

மௌலவியிடம் கேட்டான். நல்ல பெயர், நபித்தோழர்களிலும் அந்தப் பெயர் உண்டு என்றார். இன்னொரு மௌலவியிடமும் கேட்டான். அவரும் அதையே சொன்னார். இருவரும் பேசி வைத்திருப்பார்களோ என்று என்னிடம் கேட்டான்.

சல்லிக் கிராமத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் வீரசிங்கம் அண்ணர் முடி வெட்ட வந்து கதிரையில் இருந்தார். கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு அந்த நட்சத்திரத்தைப் பற்றித் தம்பி கேட்டான்.

"அண்ணன், தெற்கால அப்பிடியொரு வெள்ளி இரிக்கா?"

"ஓம், தை மாசியில நல்லாத் தெரியும். நாங்கள் அகத்தியர் எண்டுவம்."

"அப்ப அது உங்கட பேரா, எங்கட பேரா?"

"நீங்கள் ஒண்டு சொல்லிக் கூப்பிடுறியள், நாங்கள் ஒண்டு சொல்லிக் கூப்பிடுறம். அது ஒண்டுக்கும் திரும்பிப் பாக்காது," என்றார் அண்ணர். "உன்னை மாதிரித்தான், தம்பி."

தம்பி கத்தரிக்கோலை இறக்கி மிச்ச முடியை வெட்டத் தொடங்கினான்.

ஏழாம் நாள் குழந்தை என் மடியில். தலையை நனைத்து, பிளேட்டைக் கையில் எடுத்த பிறகும் தம்பி குனியவில்லை.

"மகள், கடைசியாக் கேக்கன். மாத்த ஏலாதா?"

மின்ஹா கட்டிலில் சாய்ந்திருந்தாள். "வாப்பா, அண்டைக்கு மற்ற ரெண்டு றம்ஸானும் உங்களோட எழும்பியிருந்தா என்ன நடந்திரிக்கும்?"

முப்பது வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"பேர் கூடினதாலயா உங்களக் கொண்டுபோன? நீங்க தனிய எழும்பினீங்க, வாப்பா."

அவன் பிளேட்டின் இரண்டு பக்கத்தையும் மறுபடி பார்த்தான். பிறகு மழித்தான். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. வட்டிலப்பம் வைத்தோம், தொடாமல் சலூனுக்குப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்துக் கலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். ஸுஹைலுக்கு நேரே அதே பதினான்கு கோடுதான் இருந்தது.

இரண்டாம் மாதத் தடுப்பூசிக்கு நாங்கள் எல்லோரும் கிளினிக் போனோம். மின்ஹா கார்டைக் கொடுத்துவிட்டு வெளியே தண்ணீர் குடிக்கப் போனாள். குழந்தை தம்பியின் கையில். வாங்கில் இருந்த தாய்மாரை ஒவ்வொருவராக அவன் விசாரித்து முடித்திருந்தான். அங்கே இன்னும் இரண்டு ஸுஹைல் இருப்பது அவனுக்குத் தெரியும். என் காதில் ரகசியமாகச் சொல்லியும் விட்டான்.

உள்ளேயிருந்து "ஸுஹைல்!" என்று கூப்பிட்டார்கள். வாப்பாவின் பெயர் சேர்க்கவில்லை. மற்ற இரண்டு ஸுஹைல்களின் தாய்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பழக்கத்தில் தம்பியின் செருப்பைப் பார்த்தேன்.

முடி முளைத்து வரும் அந்தச் சின்னத் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்தபடி, அவன் எழுந்து நின்றிருந்தான்.