இருபத்தெட்டுப் பல் சக்கரம்

அப்பா கத்தாரிலிருந்து கார்கோவில் போட்டுவிட்ட பெட்டியில் இரண்டு கம்பளிப் போர்வைகளும், பால்பவுடர் டின்களும், தலைவலித் தைலமும், பிரித்துக் கட்டிய ஒரு சைக்கிளும் இருந்தன. போர்வைகளைச் சைக்கிளைச் சுற்றித்தான் கட்டியிருந்தார். இருந்தும் வழியில் யாரோ அதன்மேல் கனமான சாமான் எதையோ ஏற்றியிருக்க வேண்டும். பின்சக்கரத்தில் கியர் மாற்றுகிற அமைப்பு மடங்கிய விரல் போல உள்ளே வளைந்துவிட்டிருந்தது.

அது மலையில் ஓட்டுவதற்கென்று செய்த சைக்கிள். அப்பா கார் ஓட்டிய வீட்டுக்காரர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். எங்கள் ஊர் விராலிமலைக்கு மேற்கே எட்டு கிலோமீட்டரில் இருக்கிறது. மலை என்று பார்த்தால் விராலிமலையில் ஒன்று உண்டு. அதில் ஏறுவதற்குப் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். மற்றபடி பெரிய கண்மாய்க் கரைமேல் சாலை ஏறி இறங்குகிற இடம்தான் எங்களுக்குத் தெரிந்த ஒரே மேடு.

சைக்கிள் அக்காவுக்காக வந்தது. பத்தாம் வகுப்பு முடித்திருந்த அவளுக்கு சயின்ஸ் குரூப் வேண்டும். அது விராலிமலைப் பள்ளியில்தான் இருந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் காமர்ஸ் மட்டும். காலை பஸ் முதல் பீரியட் முடிந்த பிறகு போய்ச் சேரும்; மாலை பஸ் ஸ்பெஷல் கிளாஸ் முடிவதற்குள் கிளம்பிவிடும். பதினொன்றாம் வகுப்புக்கு இலவச சைக்கிள் கிடைக்கும்தான். ஆனால் எந்த மாதம் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே இந்தச் சைக்கிள் ஓடினால் அக்கா சயின்ஸ் படிப்பாள், ஓடாவிட்டால் காமர்ஸ். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

ஊர் முக்கில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் வளைந்த பாகத்தைத் தட்டிப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். இதற்கு உதிரி பாகம் சென்னையில் கிடைக்கும், ஆனால் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை என்றார். கடைசியில் அவரே ஒரு வழியும் சொன்னார். கியரை எல்லாம் கழற்றிவிட்டு, பின்னால் நம்மூர் ஃப்ரீவீல் ஒன்றைப் போட்டு, முன்னால் பெடலை ஒட்டி இருக்கிற மூன்று பல்சக்கரங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. பழைய வகை ஃப்ரேம் என்பதால் பின்சக்கரத்தை இழுத்துச் செயினை டைட் செய்ய இடமும் இருந்தது. அம்மா உடனே சரி என்றுவிட்டாள். அவளுக்குச் சைக்கிளைவிடச் செயின் கவர்தான் முக்கியம். சுடிதார் பேன்ட் மாட்டி விழுந்த பெண்களின் கதைகள் அவளிடம் நிறைய இருந்தன. மூன்று சக்கரம் இருந்தால் எந்தக் கவரும் பொருந்தாது, ஒன்றிருந்தால் பொருந்தும்.

எந்த ஒன்று என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு சக்கரத்திலும் பல்லின் எண்ணிக்கையைக் குத்தியிருந்தார்கள். நான்தான் குனிந்து வாசித்தேன்: நாற்பத்தெட்டு, முப்பத்தெட்டு, இருபத்தெட்டு. அப்பா போனில் பெரியதைப் போடச் சொன்னார். ஒரு மிதி மிதித்தால் ஊரைத் தாண்டிவிடும் என்றார். கவருக்குள் எது அடங்குகிறதோ அது போதும் என்றாள் அம்மா. கடைக்காரர் எதற்கு வம்பு என்று நடுவில் இருந்ததை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கழற்றிக் கையில் கொடுத்தார். அம்மா அவற்றை அடுப்படியில் பிரிமணையாக்கிக்கொண்டாள். சோற்றுப் பானை பெரியதிலும் குழம்புச் சட்டி சிறியதிலும் கச்சிதமாக உட்கார்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாக விராலிமலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு. முப்பத்தெட்டு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், எதிர்வீடு. அப்பா வெளிநாட்டில் இருந்ததால் எங்கள் வீட்டின் அனுமதிகள் எல்லாம் அவர் வழியாகத்தான் வரும். நல்ல மனிதர். சைக்கிளைச் சுற்றி வந்து, மணியை அடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

“ஒத்தப் பொம்பளப் புள்ளைய அம்புட்டுத் தூரம் எப்புடித்தா அனுப்புறது? கம்மாக்கரையில ஈ காக்கா இருக்காது.”

அக்கா சைக்கிளின் பின்பக்கம் போய் நின்றாள். பிறகு சொன்னாள்: “பாப்பாவும் ஆறாப்புக்கு அங்கதான வரணும், பெரியப்பா. எனக்குத் தொணைக்கு அவ வருவா.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். பெரிய பெண் எங்கே போவதாக இருந்தாலும் கூட ஒரு பொடிசு போனால் போதும். ஆபத்து வந்தால் அந்தப் பொடிசு என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. பெரியப்பாவும் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு வந்துவிட வேண்டும். ஒரு நாள் இருட்டினாலும் டி.சி.யை வாங்கிப் பக்கத்து ஊரில் சேர்த்துவிடுவார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கடமைகளை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். ஒன்று, ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸை எளிதில் எடுக்கிற மாதிரி வைப்பது. இரண்டு, பின்னால் வரும் வண்டிகளின் நம்பரை மனப்பாடம் செய்வது. மூன்று, கத்துவது. மூன்றாவதில் எனக்கு ஏற்கெனவே பயிற்சி இருந்தது.

மறுநாள் அக்கா சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பின்னால் கேரியர் மாட்டினார்கள். அதோடு குழம்புச் சட்டிக்கு அடியில் இருந்த சிறிய சக்கரத்தையும் எடுத்துப் போய் மாட்டச் சொன்னாள். “இதப் போட்டா சின்னப் புள்ளைக வண்டி மாதிரி ஆயிரும்த்தா” என்று கடைக்காரர் எவ்வளவோ சொன்னார். அக்கா காரணம் எதுவும் சொல்லாமல் பக்கத்திலேயே நின்றாள். அவர் செயினில் கண்ணிகளைக் குறைத்து மாட்டிக் கொடுத்தார். தனியாகப் போய் வந்ததில் பயந்துவிட்டாள் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். பயப்படத் தேவையில்லை, இனிமேல்தான் நான் கூட வருகிறேனே என்றும் நினைத்தேன்.

பள்ளி திறந்தது. இருபத்தெட்டுப் பல்லில் சைக்கிள் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டும். கால் நிறையச் சுற்றும், சாலை கொஞ்சமாக நகரும். பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள் போன வருடத்து இலவச சைக்கிள்களில் பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போவார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் பிரேயரில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, “ஒங்கக்கா என்ன, தெனமும் தையல் மிஷின்லயா வருது?” என்று கேட்டான். வரிசை முழுக்கச் சிரித்தது.

ஆடி பிறந்ததும் காற்று ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று மேற்கிலிருந்து நேராக வரும். காலையில் முதுகில் தள்ளும், மாலையில் முகத்தில் அறையும். இதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். அப்போது எனக்கு எந்தக் காற்றும் தெரியாது. நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய சக்கரத்தை மாட்டினால்தான் இனி வருவேன் என்று அக்காவிடம் சொன்னேன். நான் வராவிட்டால் அவளும் போக முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதையும் சேர்த்தே சொன்னேன். அக்கா என்னை அதட்டவில்லை. என் தலையில் கலைந்திருந்த ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டாள். சனிக்கிழமை சோற்றுப் பானைக்கு அடியில் இருந்த நாற்பத்தெட்டு சைக்கிளுக்குப் போனது. கவருக்குள் இடமில்லாமல் லேசாக உரசிக்கொண்டு இருந்தது.

திங்கட்கிழமை காலை நாங்கள் பறந்தோம். வேறு சொல் இல்லை. காற்று பின்னாலிருந்து தள்ள, இலவச சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தாண்டினோம். நான் திரும்பி உட்கார்ந்து எல்லோருக்கும் கை காட்டினேன்.

மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கிளம்பியபோது சாலையோரத்துப் புளியமரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தன. விராலிமலை எல்லையைத் தாண்டியதும் அக்கா எழுந்து நின்று மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் செயின் கவர் கிர் கிர் என்றது. சைக்கிள் அங்கிட்டும் இங்கிட்டுமாக அலைந்தது. பாதிவழியில் இறங்கித் தள்ளினோம். பிறகு ஏறினோம். மறுபடி இறங்கினோம். கண்மாய்க் கரை வந்தபோது ஏறிப் பார்க்கவே இல்லை. அக்கா அடிக்கடி வானத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளினாள். எனக்கு மட்டும் ஒரே உற்சாகம். நடந்து போகும்போதுதான் காவலை ஒழுங்காகச் செய்ய முடிகிறது. காம்பஸைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

கரையைவிட்டு இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. எதிரே ஒற்றை வெளிச்சம் வந்தது. பெரியப்பாவின் மொபெட். பக்கத்தில் வந்து எஞ்சினை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“மணி என்னத்தா ஆவுது?”

பெரிய சக்கரம், காற்று, கவர் உரசியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“பாப்பா மயிலு பாக்கணும்னு அழுதா, பெரியப்பா. வேணாம்னு சொல்லச் சொல்லக் கம்மாக்குள்ள எறங்கிட்டா. புடிச்சு இழுத்துட்டு வாரதுக்குள்ள இருட்டிருச்சு.”

நான் அழவே இல்லை. மயிலைக் கேட்கவும் இல்லை. எங்கள் பக்கத்தில் மயில் கோழி மாதிரி கூரைமேல் ஏறி நிற்கும். அதை யாரும் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை. பெரியப்பாவுக்கும் அது தெரியும். அவர் இறங்கி மொபெட்டை ஸ்டாண்டில் நிறுத்தினார். என் கையில் இருந்த காம்பஸை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காதைப் பிடித்து லேசாகத் திருகினார்.

“வெவரங்கெட்டது. மயிலாம்ல மயிலு. ஏறு பின்னாடி.”

பிறகு அக்காவிடம், முன்னால் போ, நான் வெளிச்சம் காட்டுகிறேன் என்றார்.

நான் மொபெட்டில் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அதே சைக்கிள், அதே சக்கரம், அதே காற்று. மொபெட் வெளிச்சத்துக்குள் அக்கா ஒரு தடவைகூட இறங்காமல் வீடு வரைக்கும் மிதித்துக்கொண்டு போனாள். பார்த்தாயா, பெரியப்பா பார்க்கிறார் என்றதும் எப்படி ஓட்டுகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பெரியப்பா அவளிடம் மயில் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். டி.சி. பற்றிப் பேச்சே எழவில்லை.

என்மேல் ஏன் அக்கா பழியைப் போட்டாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. சின்னப் பிள்ளையின் அடம் என்றால் காதைத் திருகுவதோடு போய்விடும். மிதிக்க முடியவில்லை என்று பெரிய பெண் சொல்லியிருந்தால், முடியாத ஒன்றை எதற்கு ஆசைப்படுகிறாய் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதற்கு அடுத்தது பக்கத்து ஊர்ப் பள்ளி.

மறுநாள் விடிந்ததும் அக்கா கடைக்காரரை வீட்டிலேயே போய் எழுப்பிச் சிறிய சக்கரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்தாள். நான் உம்மென்று கேரியரில் ஏறினேன். தண்டனை கொடுக்கிறாள் என்று நினைத்தேன். எட்டு கிலோமீட்டரும் அப்படியே போனோம். இலவச சைக்கிள் கிடைத்த பிறகும் அக்கா இதையே ஓட்டினாள்; அந்த வருடமும் அடுத்த வருடமும் அதே வேகத்தில் போனோம். இருட்டுவதற்கு முன் வீடு வந்துவிட்டோம், ஒவ்வொரு நாளும்.

இப்போது கியர்பாக்ஸ் வடிவமைப்பதுதான் என் வேலை. எங்கள் வேலையில் முதலில் பாரம் எவ்வளவு என்று எழுதுவோம், பிறகுதான் எத்தனை பல் என்று முடிவு செய்வோம். அக்கா எதையும் எழுதிப் பார்க்காமல் அதே வரிசையில்தான் செய்திருந்தாள். முப்பத்தெட்டு அவள் ஒருத்திக்கு அளவெடுத்தது போல இருந்தது. அதிலிருந்து அவள் குறைத்துக்கொண்ட பத்துப் பல் நான்தான் என்பது, காற்றே படாமல் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போகச் சொன்ன எனக்குத் தெரியவில்லை.