கவிழ்த்த படகுக்குள் வெளிச்சம்

விருத்தாசலம். பெண்ணாடம் பஸ் பழுதாகி நிற்பதால் ஆற்றங்கரைக்கு இறங்கியிருக்கிறேன். சூளையில் சுடும்போது கோணிப்போன பீங்கான் குழாய்களின் மேல் ஒரு சிறு படகைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். உள்ளே வெயில் புகாமல் சுற்றிலும் சாக்குகள் தொங்குகின்றன. படகுக்காரர் அதன் மேல் குனிந்து பலகை இடுக்குகளில் தேங்காய் நாரைத் திணிக்கிறார். அடியிலிருந்து ஒரு பெண்குரல், "இங்க வெளிச்சம் வருது மாமா" என்கிறது. அவள் தட்டிக்காட்டும் இடத்தை அவர் அடைக்கிறார்.

"உள்ளே யாருங்க?" என்று கேட்கிறேன்.

"தம்பி பொண்டாட்டிங்க. போன வெள்ளத்துல படகு ஒழுவி, தம்பி ஆத்தோட போயிட்டான். உள்ள இருட்டா இருக்குதுன்னு அவ சொன்னாதான் தண்ணியில எறக்குவேன்."

நார் தீர்ந்துவிடுகிறது. கடைசி ஓட்டையின் மேல் உள்ளங்கையை வைக்கிறார்.

"இப்ப இருட்டாயிடுச்சு மாமா."

"கையத்தான் வெச்சிருக்கேன்மா. இன்னும் அடைக்கல."