காதை மூடாத ஹெல்மெட்

நன்னிலத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டவர் அவர். ஐம்பது வயதிருக்கும். காதை மூடாத அரை ஹெல்மெட். எதிர்க்காற்றில் அவர் கண்கள் சிவந்து நீர் வழிவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

நிமிடத்துக்கு ஒருமுறை, "இருக்கீங்களா சார்?" என்று கேட்டார். காற்றின் இரைச்சலுக்கு மேல் "இருக்கேன்" என்று கத்தினேன். கத்தக் கத்த எனக்கே பயம் வந்து, பின்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"முகம் முழுக்க மூடுற ஹெல்மெட் வாங்குங்க. காத்தும் அடிக்காது, சத்தமும் இருக்காது" என்றேன்.

"அதைத்தான் சார் போட்டிருந்தேன். ரோட்டுல நெல்லு காயப்போட்டிருந்தாங்க. வண்டி லேசா வழுக்குச்சு, சமாளிச்சுட்டேன். பின்னாடி இருந்த சம்சாரம் விழுந்தது தெரியல. கத்தியிருக்கா, கேக்கல. வலங்கைமான் கடைத்தெரு வரைக்கும் அவகிட்ட பேசிக்கிட்டே போனேன்."

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சட்டென்று பிரேக் பிடித்தார்.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

என்னை இறக்கிவிட்டுக் கிளம்பியவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச தூரம் போனதும் அவருடைய இடது கை பின்னால் வந்து, காலி சீட்டைத் தடவிப் பார்த்தது.