குழாயடி வியர்வை

மாட்டுங்காவில் ஒரு பூங்காக் குழாயடியில் டீ-ஷர்ட்டை நனைத்துக்கொண்டு, பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கி நின்ற ஆள் நான்தான். ஒரு ஞாயிறு இல்லை, ஆறு ஞாயிறு.

செம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. வயது நாற்பத்தெட்டு. மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்ததும் மனைவியும் அங்கேயே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை போனில் பேசுவோம். சாப்பிட்டாச்சா, ஆச்சு, வைக்கட்டுமா, அவ்வளவுதான். இருபது வருஷம் ஒரே அறையில் இருந்தவர்களுக்குப் போனில் பேசத் தெரிவதில்லை.

நான் ஓட ஆரம்பித்தது உடம்புக்காக என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் பேச்சுக்காக. எங்கள் ஓட்டக்குழுவில் நாற்பது பேர். ஞாயிறு விடிவதற்கு முன் மாட்டுங்காவில் கூடி, சயான் பக்கம் போய், வடாலா வழியாகச் சுற்றித் திரும்புவோம். அதில் ஒரே ஒரு விதி: பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும். பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். அதனால் இரண்டு மணி நேரமும் வாய் ஓயாது. யார் வீட்டு பில்டிங் இடித்துக் கட்ட எப்போது ரீடெவலப்மென்டுக்குப் போகும், யார் மாமியார் எப்போது ஊருக்குப் போவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முடித்த பிறகு மாட்டுங்காவிலேயே ஒரு கடையில் இட்லி, காபி. வியர்வை நாற்றத்தோடு நெருக்கி உட்கார்ந்து இன்னும் ஒரு மணி நேரப் பேச்சு. என் வாரத்தின் மொத்தப் பேச்சும் அந்த மூன்று மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு வலது முழங்காலுக்குக் கீழே வலி. சென்டரில் கூட வேலை பார்ப்பவரை விட்டு ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். படம் சுத்தமாக இருந்தது. மயிரிழை விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதையே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். என் கால் என்றதும் அறிவு மங்கிவிட்டது. மேலும் இரண்டு வாரம் ஓடினேன். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "படம் எடுக்கறவரே படத்தை நம்பினா எப்படி?" என்று கேட்டார்.

ஐந்து மாதம் ஓட்டம் இல்லை. குழுவின் வாட்ஸ்அப்பில் முதல் வாரம் ஆறுதல்கள் கொட்டின. இரண்டாம் மாதம் இரண்டு பேர் விசாரித்தார்கள். மூன்றாம் மாதம் நான் அந்தக் குழுவில் இருப்பதே யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது. குறை சொல்லவில்லை; நானும் மற்றவர்களின் முட்டிவலியை அப்படித்தான் மறந்திருக்கிறேன்.

ஓடாவிட்டால் என்ன, இட்லிக்காவது போயிருக்கலாமே என்று கேட்கலாம். ஒரு தடவை குழுத் தலைவரின் மைத்துனர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். ரொம்ப மரியாதையாக. மேஜையின் ஓரத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, மும்பை பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். மனுஷன் பிறந்ததே மும்பையில். அந்த மைத்துனராக ஆவதற்கு எனக்கு மனசில்லை.

எலும்பு கூடியதும் பிசியோதெரபி பார்க்கும் மராத்திப் பெண் ஒரு அட்டவணை கொடுத்தாள். ஒரு நிமிடம் ஓட்டம், நாலு நிமிடம் நடை, மொத்தம் ஐந்து தடவை. "இன்னொரு தடவை உடைந்தால் ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்" என்று ஹிந்தியில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். ஆக ஒரு நாளைக்கு நான் ஓடுவது ஐந்தே நிமிடம். வார நாட்களில் தேவ்நார் பக்கம் தெரிந்தவர் யாரும் வராத சாலையில் அதைச் செய்தேன். ஒரு ஞாயிறு மட்டும் ஆசை கேட்காமல் மாட்டுங்காவுக்கு ஸ்கூட்டரை விட்டேன்.

ஐந்து நிமிட ஓட்டத்துக்கு வியர்வை எங்கிருந்து வரும்? முகம் கழுவத்தான் குழாயடிக்குப் போனேன். தூரத்தில் குழு திரும்பி வரும் சத்தம் கேட்டது. கை தானாகத் தண்ணீரை அள்ளித் தலையிலும் நெஞ்சிலும் முதுகிலும் ஊற்றிக்கொண்டது. தலைவர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த, வங்கியில் ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"என்ன சார், தொப்பலா நனைஞ்சிருக்கேள்! ஆரம்பிச்சாச்சா? எவ்ளோ?"

"பன்னெண்டு. சீக்கிரமே கிளம்பிட்டேன்."

"பன்னெண்டா! பேஷ், பேஷ்!"

இட்லிக் கடையில் நடுவில் இடம் போட்டு உட்கார வைத்தார்கள். ஐந்து மாதக் கதைகளையும் ஒருவர் மாற்றி ஒருவர் கொட்டினார்கள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஈரச் சட்டை உடம்போடு ஒட்டிக் குளிரெடுத்தது, அதைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

பிறகென்ன, வாராவாரம் குழாயடிதான். அடுத்த ஞாயிறு பதிமூன்று என்றேன், அதற்கடுத்து பதினான்கு. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக்கூடாது என்பது பயிற்சியில் எழுதப்படாத சட்டம். பொய்யிலும் அந்தச் சட்டத்தை நான் மீறவில்லை.

ஆறாவது ஞாயிறு, நான் பதினேழு என்று சொன்ன கையோடு, தலைவர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் போட்டார். வரப்போகும் அரை மாரத்தானில் குழுவின் புதியவர்களை இழுத்துச் செல்லும் பேஸர்களின் பட்டியல். பேஸர் என்றால் முதுகில் நேரம் எழுதிய கொடியைக் கட்டிக்கொண்டு, சொன்ன நேரத்தில் கூட்டத்தைக் கொண்டு சேர்க்கிறவர். காயத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் நான் அதைச் செய்திருக்கிறேன். எல்லோருக்கும் பின்னால் மெதுவாக ஓடி வரும் கடைசிக் கூட்டத்துக்குப் பேஸராக என் படத்தைப் போட்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினேழு கிலோமீட்டர் ஓடுகிறவனை எதற்குக் கேட்க வேண்டும்?

அந்த ஞாயிறு இட்லிக் கடையில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், திருநெல்வேலிப் பக்கம். நான் ஓடாதிருந்த மாதங்களில் குழுவில் சேர்ந்தவள். பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியதே இல்லை.

"அண்ணாச்சி, நீங்க கொடியக் கட்டிக்கிட்டு முன்னால போனா போதும். ஒங்க முதுகப் பாத்துக்கிட்டே வந்துருவேன். தனியா ஓடச் சொன்னா பாதியில ஒக்காந்துருவேன், பாத்துக்கிடுங்க."

"வந்துரலாம்மா" என்றேன்.

பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று ஒரு கிறுக்குத்தனம். அட்டவணையை மடித்து வைத்துவிட்டு அந்த வாரம் செம்பூரில் நிற்காமல் மூன்று கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் நான்கு. மூன்றாம் நாள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து காலை அமுக்கிப் பார்த்தேன். அதே இடம், அதே வலி. இந்தத் தடவை எந்தப் படமும் எனக்குத் தேவைப்படவில்லை. பயம் வந்தது. ஓட முடியாமல் போய்விடுமோ என்பதைவிட, இனி எந்த ஞாயிறும் எனக்கு இல்லையோ என்கிற பயம்.

பந்தயத்துக்கு முந்தின நாள் காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எல்லோரும் நம்புவார்கள். ஆனால் கடைசி நேரத்தில் அந்தப் பெண் யார் முதுகைப் பார்த்து ஓடுவாள்? முதலில் அவளுக்குத்தான் போன் செய்தேன். ஒன்று விடாமல் சொன்னேன், குழாயடி உட்பட. அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"காலு சரியில்லன்னா சரியில்லன்னு சொல்லுததுக்கு என்ன அண்ணாச்சி? ஓடாதவன் இட்லி திங்க வரப்பிடாதுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா."

"பொறவு என்னத்துக்கு?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். "சரி, காலப் பாத்துக்கிடுங்க. வேல கெடக்கு, வைக்கேன்" என்றாள். கோபமா வருத்தமா என்று குரலில் தெரியவில்லை.

பிறகு குழுவுக்கு எழுதினேன். நீளமாக எழுதி அழித்துவிட்டு மூன்று வரி: நான் ஓடவில்லை, ஆறு வாரமும் சொன்னது பொய், வேறு பேஸர் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடத்துக்குள் இன்னொருவர் கை தூக்கினார். அதற்குக் கைதட்டல் படங்கள் வரிசையாக விழுந்தன. தலைவர் எனக்குத் தனியாக, "ஹெல்த்தான் முக்கியம். இட்லிக்கு வந்துடுங்கோ" என்று அனுப்பினார். அவ்வளவுதான். நாற்பது பேரில் ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஒரு இடம் இருந்தது என்று தெரிந்திருக்கும்.

வா என்று கூப்பிட்ட பிறகும் போகாதவனை யார் என்ன செய்ய முடியும்? நான் போகவில்லை. பிசியோதெரபிப் பெண் காலைச் சோதித்து, உடையவில்லை என்று சொல்லி, நன்றாக டோஸ் விட்டு, ஒரு மாதத்துக்கு நடை மட்டும் என்று பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டாள்.

பந்தய ஞாயிறன்று தேவ்நார் பக்கம் அரை மணி நேரம் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். துணி துவைத்தேன். பத்து மணிவாக்கில் அந்தப் பெண் மெடலைக் கடித்துக்கொண்டு நிற்கும் படம் குழுவில் வந்தது. புதிய பேஸர் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டாள். கண் கலங்கியது, நிஜமாகவே. வாழ்த்து எழுதினேன். அது முப்பது வாழ்த்துகளுக்கு நடுவே மேலே நகர்ந்து போனது. மனைவியும் மகளும் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பட்டுப்புடவைப் படம் ஒன்று அனுப்பினாள். நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். சோறு வடித்துச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

திங்கள் காலை முதல் ஆள் ஒரு வயதானவர், நெஞ்சுப் படம். பலகையோடு நிறுத்தி, தோளைத் திருத்திவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் வந்து, மூச்சைப் பிடியுங்கள் என்று ஹிந்தியில் சொன்னேன். சத்தம் வரவில்லை. வெறும் காற்று வந்தது. மறுபடி சொன்னபோது தகரம் உரசியது போல் ஒரு கரகரப்பு. சனிக்கிழமை சாயங்காலம் காய்கறிக்காரனிடம் கொத்தமல்லி கேட்டதுதான் நான் வாய் திறந்து கடைசியாகப் பேசியது என்று அப்போதுதான் உறைத்தது.

பெரியவர் பலகையிலிருந்து தலையைத் திருப்பி, "ஸர்தி ஹோ கயா க்யா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

முன்பின் தெரியாத மனிதரிடம் வேறு என்ன காரணத்தைச் சொல்வது? ஆமாம், கொஞ்சம் சளி என்றேன். அசையாமல் நிற்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.